ஒரே பெட்டிக்குள் தியேட்டர் அடங்குமா? சவுண்ட்பார், வூஃபர் செட், இரண்டு ஸ்பீக்கர்: எதை எடுக்கலாம்

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டில் இரவு நாடகம் ஓடும் நேரம் அம்மா ரிமோட்டைக் கீழே வைக்கவே மாட்டார். பாட்டு வந்தால் சத்தத்தைக் குறைப்பார், ஆட்கள் கதைக்கத் தொடங்கினால் கூட்டுவார். "பாட்டுக்குக் காது அடைக்குது, கதைச்சா ஒண்டும் விளங்குதில்ல. மறுகா என்னத்துக்கு மனே இவ்வளவு பெரிய டிவி?" என்று ஒருநாள் கேட்டார்.

நியாயமான கேள்வி. டிவி மெலிய மெலிய அதற்குள் இருக்கும் ஸ்பீக்கரும் மெலிந்துவிட்டது. பல டிவிகளில் அது கீழே தரையைப் பார்த்தபடி இருக்கிறது, இல்லாவிட்டால் பின்னால் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. வெளியே வேறு ஸ்பீக்கர் வேண்டும் என்பதில் பலருக்குச் சந்தேகம் இல்லை. எதை வாங்குவது என்பதில்தான் தடுமாற்றம். கடையில் நின்று இரண்டு பெட்டிகளைப் படம் பிடித்து அனுப்பி, "அண்ணா, இதுல 600 வாட், அதுல 1000 வாட், எதை எடுக்க?" என்று கேட்கிறார்கள். கையில் இருப்பது ஒரு லட்சம், சிலருக்கு அதிலும் பாதி. அது சீட்டுக் காசாக இருக்கும், இல்லாவிட்டால் கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய காசாக இருக்கும். அந்தக் காசு வீணாகக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "ஒரே பெட்டிக்குள் முழுத் தியேட்டர்" என்ற விளம்பரத்தை நான் நம்புவதில்லை. அதற்காக, டிவிக்குக் கீழே வைக்கும் நீட்டுப் பெட்டி ஸ்பீக்கரான சவுண்ட்பாரே வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். அது சரியாகப் பொருந்தும் வீடுகள் உண்டு.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் பேச்சு. செய்தியும் நாடகமும் படமும் பார்க்கும் வீட்டில், குறைந்த சத்தத்திலும் பேச்சு விளங்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது உங்கள் ஹோல். எங்கள் பக்கத்து ஹோல்களில் தரை டைல்ஸ் அல்லது சீமெந்து, கூரை ஓடு அல்லது சீட். ஒரு பக்கம் விறாந்தைக்குத் திறந்திருக்கும், மறுபக்கம் திரைச்சீலை போட்ட வாசல். விளம்பரப் படத்தில் வரும் நாலு சுவரும் தட்டையான சீலிங்கும் உள்ள அறை இதுவல்ல.

மூன்றாவது பாஸ், அதாவது தாழ்ந்த, கனத்த ஒலி. நான்காவது, பழுதானால் என்ன நடக்கும் என்பது. ஐந்தாவது மொத்தச் செலவு. விலைச் சீட்டில் இல்லாத வயர், ஸ்டாண்ட், உத்தரவாதம், தவணை வட்டி எல்லாம் அதில் சேரும்.

வாட் கணக்கை வேண்டுமென்றேதான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

## பெட்டியில் எழுதியிருக்கும் எண்கள்

போன ஐப்பசியில் ஒரு நாள் இரவு இடி விழுந்தபின் பெரியம்மா மகனின் சவுண்ட்பார் எழும்பவில்லை. திருத்தும் கடையில் அதைக் கழற்றும்போது நானும் பக்கத்தில் நின்றேன். முன்பக்க வலைக்குப் பின்னால் இரண்டு அங்குல ஸ்பீக்கர் நாலு, நடுவில் உள்ளங்கை அளவில் ஒரு சர்க்கிட் போர்ட், மிச்சமெல்லாம் வெறும் பிளாஸ்டிக். வெளிப்பெட்டியில் 300 வாட் என்று அச்சடித்திருந்தது. மேசையில் கிடந்த அதன் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன்: 18 வோல்ட், 2 ஆம்பியர்.

18ஐ 2ஆல் பெருக்கினால் 36. அந்த அடாப்டர் தொடர்ந்து தரக்கூடியது 36 வாட் அவ்வளவுதான். உள்ளே சேமிப்பில் இருக்கும் மின்சாரத்தால் கண்சிமிட்டும் நேரத்துக்கு அதைத் தாண்டலாம். ஆனால் 36 வாட் உள்ளே போகும் பெட்டியிலிருந்து 300 வாட் தொடர்ந்து வெளியே வராது. அடாப்டரோடு வரும் எந்தப் பெட்டியையும் கடையிலேயே இப்படிக் கணக்குப் பார்க்கலாம். சுவரில் நேரே செருகும் பெட்டிக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அதன் பின்னால் எழுதியிருக்கும் வாட், முழுச் சத்தத்தில் வைக்காமல் சாதாரணப் பாவனையில் அளந்ததாக இருக்கும்.

பி.எம்.பி.ஓ. (கணநேர உச்சம் என்று சொல்லிப் போடும் வாட்) என்று கண்டால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். அதை அளக்கப் பொதுவான முறை எதுவும் கிடையாது, விற்பவர் விரும்பியதைப் போடலாம். ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய வாட்) என்று இருந்தால் ஓரளவு நம்பலாம். அதிலும் எத்தனை வீதம் சிதைவோடு அளந்தார்கள் என்று பாருங்கள். ஒரு வீதத்தில் அளந்த 30 வாட்டும் பத்து வீதத்தில் அளந்த 30 வாட்டும் ஒன்றல்ல. இப்படி ஊதிப் பெருக்கிய எண்களைக் கட்டுப்படுத்தத்தான் அமெரிக்காவில் 1974இலேயே ஆம்பிளிஃபயர் வாட்டுக்குச் சட்டவிதி கொண்டுவந்தார்கள். அவ்வளவு பழைய வியாதி இது.

வாட் உண்மையாகவே இருந்தாலும் அது இரட்டித்தால் சத்தம் இரட்டிப்பதில்லை. 3 டெசிபல் மட்டும் கூடும், அது காதுக்குக் கொஞ்சம்தான் தெரியும். சத்தம் இரண்டு மடங்கு என்று காது உணர ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே 600க்கும் 1000க்கும் இடையில் தவிப்பதில் பொருளில்லை.

பாஸ் விஷயத்தில் இன்னும் தெளிவாகச் சொல்லலாம். தாழ்ந்த ஒலி என்றால் நிறையக் காற்றை அசைப்பது. ஒரே சத்தத்தில் சுருதி பாதியாகக் கீழே இறங்கினால் ஸ்பீக்கரின் கூம்பு நாலு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். இரண்டு அங்குலக் கூம்பு நாலையும் சேர்த்தாலும் ஆறரை அங்குலக் கூம்பு ஒன்றின் பரப்பில் பாதிகூட வராது. ஸ்பீக்கர் செய்பவர்கள் இதை ஹாஃப்மனின் இரும்பு விதி என்பார்கள்: சின்னப் பெட்டி, ஆழமான பாஸ், குறைந்த மின்சாரத்தில் நல்ல சத்தம் ஆகிய மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். சின்னப் பெட்டிகள் பாஸுக்குக் கொஞ்சம் மேலே உள்ள பகுதியைத் தூக்கிக் காட்டும். அதைக் கேட்டு மூளை தானே பாஸை நிரப்பிக்கொள்ளும். பாட்டுக்கு அது இனிமையாகவே இருக்கலாம். ஆனால் கூத்துக் களரியில் மத்தளம் அடிக்கும்போது நெஞ்சுக்குள் வந்து விழுகிறதே, அந்த அடி அதிலிருந்து வராது.

அடுத்தது "வேர்ச்சுவல் 5.1". 5.1 என்றால் சுற்றிவர ஐந்து ஸ்பீக்கரும் பாஸுக்கென்று தனியாக ஒரு சப்வூஃபரும். வேர்ச்சுவல் என்றால் அவை இல்லாமலே இருப்பது போலக் கேட்கவைப்பது. சுவரில் ஒலியை எறிந்து சுற்றிலும் கேட்கவைக்கும் யோசனை பொய்யல்ல. 2004இல் யமஹா செய்த வை.எஸ்.பி.1 என்ற ஒற்றைப் பெட்டியில் 40 சின்ன ஸ்பீக்கரும் பாஸுக்கு இரண்டு வூஃபரும் வைத்து, ஒலியைக் கற்றை கற்றையாகப் பக்கச் சுவர்களுக்கு அனுப்பினார்கள். அதற்கு இரண்டு பக்கமும் சுவர் இருக்க வேண்டும். விறாந்தைப் பக்கம் திறந்திருக்கும் ஹோலில் அந்தக் கற்றை முற்றத்துக்குப் போய்விடும். நாலு ஸ்பீக்கர் மட்டும் உள்ள மலிவான பெட்டிகள் அதைக்கூடச் செய்வதில்லை. கணக்குப் போட்டுக் காதை ஏமாற்றப் பார்க்கும், அதுவும் நடுவில் இருப்பவருக்கு மட்டும்.

தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி அட்மோஸும் இதே கதைதான். 2012இல் தியேட்டர்களுக்கு வந்தபோது ஸ்பீக்கர்கள் உண்மையாகவே தலைக்கு மேல் இருந்தன. சவுண்ட்பாரில் மேல்நோக்கிய ஸ்பீக்கர் சீலிங்கில் ஒலியை அடித்துக் கீழே திருப்ப வேண்டும். இதற்குச் சமதளமான, கடினமான சீலிங் வேண்டும், உயரம் ஏழரை அடியிலிருந்து பன்னிரண்டு அடிக்குள் இருந்தால் நல்லது என்பது டால்பி நிறுவனத்தின் சொந்த அறிவுரை. சரிந்த ஓட்டுக் கூரையிலோ அலையலையான சீட்டிலோ பட்ட ஒலி நாலா பக்கமும் சிதறும். சீலிங் அடிக்காத வீட்டுக்காரர் அட்மோஸுக்கென்று ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

## தேர்வு 1: இப்போதைக்கு ஒன்றும் வாங்காமல் இருப்பது

இதை யாரும் சொல்வதில்லை, செலவில்லாதது. படத்தின் 5.1 ஒலியில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கான தனித் தடத்தில், அதாவது நடுச் சேனலில்தான் இருக்கும். இரண்டு ஸ்பீக்கர் டிவி அதை மற்றவற்றோடு கலக்கும்போது பேச்சு அமுங்கிப்போகும். நெட்ஃபிளிக்ஸ் போன்ற ஆப்களில் ஒலிப் பட்டியலுக்குப் போய் 5.1 என்று இல்லாத தெரிவைப் போட்டுப் பாருங்கள். டிவி செட்டிங்கில் பேச்சைத் தூக்கும் தெரிவும், இரவு நேரத் தெரிவும் இருந்தால் அவற்றையும் போடுங்கள்.

அப்புறம் ஹோல். கைதட்டிப் பாருங்கள். டைல்ஸ் தரையில் அந்தத் தட்டு கணகணவென்று நீளுகிறதா? அந்த எதிரொலிதான் பேச்சின் எழுத்துகளைத் தின்கிறது. தரையில் பெரிய பன்பாய் ஒன்று, மருதமுனைத் தறித்துணி போலத் தடித்த துணியில் வாசலுக்கும் யன்னலுக்கும் திரைச்சீலை, இவ்வளவே நல்ல வித்தியாசம் காட்டும். எங்கள் வீட்டில் பாயை விரித்த அன்றே அம்மா சத்தத்தை இரண்டு புள்ளி குறைத்து வைத்தார்.

## தேர்வு 2: தனிச் சவுண்ட்பார்

காத்தான்குடி மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளுக்கு, வாடகை அறைக்கு, ஒரு ரிமோட்டுக்கு மேல் பழகமாட்டாத வயதானவர்களுக்கு இது சரியான சாமான். டிவியின் ஒலியை எச்.டி.எம்.ஐ. வயரிலேயே வெளியே எடுக்கும் ஏ.ஆர்.சி. துளை வழியாகப் பூட்டினால் டிவி ரிமோட்டிலேயே சத்தம் கூடிக் குறையும். பக்கத்து வீட்டுக் குழந்தையை எழுப்பும் பாஸ் இதில் இல்லை, அந்த இடத்தில் அது வசதிதான்.

எடுத்தால், பேச்சுக்கென்று நடுவில் தனி ஸ்பீக்கர் உள்ளதாக எடுங்கள், அதாவது 3.0 (இடம், நடு, வலம்) அல்லது சப்வூஃபரும் சேர்ந்த 3.1. பக்கவாட்டில் சாய்ந்து படுத்திருப்பவருக்கும் பேச்சு டிவியிலிருந்தே வரும். நடு ஸ்பீக்கர் இல்லாத 2.0 பாரில் இது கிடைக்காது.

மறைந்த செலவு பழுதில் இருக்கிறது. ஒரு போர்ட் போனால் முழுப் பெட்டியும் போச்சு. கம்பனிக்கென்றே செய்த போர்ட் இங்கே தனியாகக் கிடைப்பது அரிது. டிவியில் ஏ.ஆர்.சி. இல்லாவிட்டால் ஒலியை வெளிச்சமாகக் கடத்தும் ஆப்டிகல் வயர் வேண்டும். சிலர் புளூடூத்தில் இணைக்கிறார்கள். அதில் ஒலி பிந்தும், வாய் ஒரு பக்கம் அசையப் பேச்சு பிறகு வரும்.

## தேர்வு 3: சவுண்ட்பாரும் வயர்லெஸ் சப்வூஃபரும்

வயர்லெஸ் என்ற சொல்லில் ஏமாறாதீர்கள், சப்வூஃபருக்கும் தனியாகக் கறண்ட் வயர் வேண்டும். பெரிய குறை வேறு. பாரின் ஸ்பீக்கர்கள் மிகச் சிறியவையாக இருந்தால் 200 ஹெர்ட்ஸ் (சுருதியின் அளவு, எண் குறைந்தால் ஒலி தாழும்) அளவிலேயே வேலையைச் சப்வூஃபரிடம் கொடுத்துவிடும். ஆண்களின் பேச்சின் அடிச்சுருதி ஏறக்குறைய 85 முதல் 180 ஹெர்ட்ஸ். அப்படியானால் செய்தி வாசிப்பவரின் குரலில் பாதி டிவிக்குக் கீழேயும் மீதி மூலையில் உள்ள பெட்டியிலும் இருந்து வரும். சப்வூஃபரை மூலையில் வைக்காமல் டிவிக்குப் பக்கத்திலேயே வைத்தால் கொஞ்சம் சரியாகும்.

படத்தில் வெடிச்சத்தமும் பாட்டில் அடியும் வேண்டும், ஸ்பீக்கர் வைக்க இடமில்லை, காசு இருக்கிறது என்றால் இது நல்ல தேர்வு. தவணைக்கு எடுப்பவர்கள் மொத்தமாக எவ்வளவு கட்டப்போகிறீர்கள் என்று கூட்டிப் பார்த்துவிட்டு, அந்தத் தொகையை அடுத்த இரண்டு தேர்வுகளோடு ஒப்பிடுங்கள்.

## தேர்வு 4: "ஹோம் தியேட்டர்" என்று விற்கும் வூஃபர் செட்

லைட் மின்னும், யு.எஸ்.பி. குத்தலாம், மைக் பூட்டிப் பாடலாம். பிறந்தநாளுக்கும் முற்றத்துக் கொண்டாட்டத்துக்கும் இதைவிட மலிவாக எதுவும் இல்லை, ஊர்த் திருத்துநர்களுக்கும் கைவந்த சாமான். ஆனால் அம்மாவின் நாடகத்துக்கு இது மருந்தல்ல. டும் டும் என்ற பாஸ் பேச்சை மூடிவிடும். ஐந்து ஸ்பீக்கர் வந்தாலும் பல செட்டுகள் டிவியின் இரண்டு சேனலையே ஐந்திலும் பிரித்துப் போடும். பின்னால் ஆப்டிகலோ எச்.டி.எம்.ஐ.யோ இல்லாமல் சிவப்பு வெள்ளை வயர்த் துளை ஒரு சோடி மட்டும் இருந்தால், அது உண்மையான 5.1 அல்ல.

## தேர்வு 5: ஆம்பிளிஃபயர் உள்ளேயே இருக்கும் இரண்டு ஸ்பீக்கர்

என் காசு என்றால் இதற்குத்தான் போகும். நாலு அல்லது ஐந்து அங்குல வூஃபரும் உச்ச ஒலிக்குத் தனி ட்வீட்டரும் உள்ள மரப்பெட்டி ஒரு சோடி. வாட் 20, 30 என்று வெட்கமில்லாமல் உண்மையை எழுதியிருப்பார்கள். ஆண் குரல் முழுதாக ஒரே இடத்திலிருந்து வரும். யூடியூப் பாட்டு, பழைய படம் என்று நாங்கள் கேட்பதில் பெரும்பகுதி இரண்டு சேனல்தான், அதற்கு இரண்டு நல்ல ஸ்பீக்கர் போதும். கூத்துப் பதிவொன்றில் மத்தளமும் தாளமும் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் குரலும் தனித்தனியாக நிற்பதை நான் முதன்முதலில் கேட்டது இப்படியொரு சோடியில்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நடு ஸ்பீக்கர் இல்லாததால், ஓரத்தில் இருப்பவருக்குப் பேச்சு அந்தப் பக்க ஸ்பீக்கருக்குச் சாயும். ஏ.ஆர்.சி. இல்லாத மாடல் என்றால் ரிமோட் இரண்டு. ஆப்டிகலில் பூட்டும்போது டிவி ஒலி செட்டிங்கில் பி.சி.எம். (சுருக்காத இரண்டு சேனல் ஒலி) என்று மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் சில நிகழ்ச்சிகளுக்குச் சத்தமே வராது. பழுது என்று கடைக்குத் திரும்பிவந்த ஸ்பீக்கர்களில் சிலவற்றுக்கு இந்தச் செட்டிங்தான் நோய். ஷோகேஸுக்குள் திணிக்கவும் கூடாது. காது உயரத்தில், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, இரண்டுக்கும் இடையில் ஐந்தாறு அடி விட்டு வைக்க இடம் வேண்டும்.

## தேர்வு 6: ரிசீவரும் ஐந்து ஸ்பீக்கரும்

ரிசீவர் என்பது ஒலியைப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்பும் ஆம்பிளிஃபயர். உண்மையான தியேட்டர் ஒலி இதில்தான் உண்டு. ஹோலைச் சுற்றி வயர், எலி கடி, காற்றோட்டம் இல்லாவிட்டால் சூடு, இவற்றுக்கெல்லாம் தயாரானவர்களுக்கு மட்டும். பாவித்த செட் கிடைத்தால் ஸ்பீக்கரின் துணி வலையைக் கழற்றிக் கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ஃபோம் வளையம் என்றால் வருடக்கணக்கில் உக்கிப் பொடியாக உதிரும், ரப்பர் என்றால் அதிகம் தாங்கும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் எங்கள் பக்கத்தில் வயர் பூட்டும் முனைகள் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ரிசீவர் பழைய மாடல் என்று தயங்க வேண்டாம், ஆப்டிகல் வழியாகச் சாதாரண டால்பி 5.1 நன்றாகவே போகும்.

## ஒரே பார்வையில்

| தேர்வு | பேச்சு | பாஸ் | பழுதானால் | யாருக்கு |
|---|---|---|---|---|
| ஒன்றும் வாங்காமல் | ஓரளவு தெளியும் | இல்லை | இல்லை | எல்லோரும் முதலில் |
| தனிப் பார் (3.0) | நல்லது | குறைவு | முழுப் பெட்டியும் போகலாம் | சிறிய அறை, வயதானவர்கள் |
| பாரும் சப்வூஃபரும் | மாடலைப் பொறுத்தது | நல்லது | கடினம் | இடமில்லாத படப் பிரியர் |
| வூஃபர் செட் | மோசம் | சத்தம் அதிகம், தெளிவில்லை | எளிது | கொண்டாட்டம், பாட்டு |
| இரண்டு ஸ்பீக்கர் | மிக நல்லது, நடுவில் இருந்தால் | நல்லது | பரவாயில்லை | பாட்டும் படமும் சமமாக |
| ரிசீவரும் ஐந்தும் | மிக நல்லது | மிக நல்லது | தனித்தனியாகத் திருத்தலாம் | தனி ஹோல், பொறுமை |

## வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டி

கட்டார், சவூதி, துபாயிலிருந்து வருபவர்கள் கொண்டுவரும் பார்கள் கறண்டுக்குப் பெரும்பாலும் சரிவரும், ஆனால் இங்குள்ள ஏஜென்ட் உத்தரவாதம் தரமாட்டார். அந்த ஒரு காரணத்துக்காகவே விலை நன்றாகக் குறைந்திருக்க வேண்டும். கனடாவிலிருந்து வந்தால் பின்பக்க எழுத்தைப் படிக்காமல் பிளக்கைச் செருகாதீர்கள். 100 முதல் 240 வோல்ட் என்றிருந்தால் பயமில்லை. 120 என்று மட்டும் இருந்தால் எங்கள் 230 வோல்ட்டில் எரிந்துவிடும். சப்வூஃபரின் எழுத்தையும் தனியாகப் படியுங்கள்.

## கடையில் பத்து நிமிடம்

கடைக்காரர் போடும் டெமோ அந்தப் பெட்டிக்கென்றே செய்ததாக இருக்கும். உங்கள் போனில் ஒரு செய்தி வாசிப்பு, நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டு, மத்தளமோ உடுக்கோ உள்ள ஒரு பதிவு எடுத்துப் போங்கள். பாஸ் பூஸ்ட், சரவுண்ட் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். முதலில் குறைந்த சத்தத்தில் செய்தியைப் போட்டு நாலு அடி பக்கமாக நகர்ந்து நின்று கேளுங்கள். இரண்டு பெட்டியை ஒப்பிடுவதென்றால் சத்தத்தைச் சமமாக வைக்க வேண்டும். கொஞ்சம் சத்தம் கூடிய பெட்டி எப்போதும் நல்லது போலத் தோன்றும், விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

அம்மாவின் வயதில் யாராவது வீட்டில் இருந்தால் அவரையும் கூட்டிப் போங்கள். எங்கள் அம்மா கடையில் மூன்று பெட்டி கேட்டார். அதில் மிகக் குறைந்த வாட் எழுதியிருந்ததைக் காட்டி "இதுலதான் கதைக்கிறது விளங்குது" என்றார். அதைத்தான் எடுத்தோம்.

## வாங்கிய பிறகு

எதை வாங்கினாலும் ஐப்பசி, கார்த்திகையில் வானம் முழங்கத் தொடங்கியதும் கழற்ற வேண்டியது பிளக்கை மட்டுமல்ல. பெரியம்மா மகன் அன்று சவுண்ட்பாரின் பிளக்கைக் கழற்றித்தான் வைத்திருந்தார். டிவியின் அன்டெனா வயர் பூட்டியபடி இருந்தது, டிவிக்கும் பாருக்கும் இடையில் எச்.டி.எம்.ஐ. வயரும் பூட்டியபடி இருந்தது. மின்னல் அன்டெனாவால் டிவிக்குள் இறங்கி, அந்த வயர் வழியாகப் பார் வரைக்கும் போயிருக்கிறது. இப்போது அவர் வீட்டில் முதல் முழக்கத்துக்கே மூன்று வயரையும் கழற்றித் தரையில் போட்டுவிடுகிறார்கள்.